இதர

மூன்றாவது செயலியை இறக்கும்போது மணி மூன்று.
பிற்பகல் மூன்று. சன்னலில் இருட்டு.
கோட்காவில் டிசம்பர் அப்படித்தான்,
வெளிச்சத்தையும் எண்ணிக் கொடுக்கும்.

எனக்கு ஒன்பது மணிக்கு இரவுப் பணி,
முதியோர் இல்லத்தில் பதினாறு கட்டில்கள்.
அதற்குள் ஒன்றைத் தேர்ந்துவிட வேண்டுமென்று உட்கார்ந்திருக்கிறேன்.
ஹெய்மோ கழுவுதொட்டியருகே
உருளைக்கிழங்கு சீவுகிறான்.
அக்டோபரிலிருந்து சமையல் அவன்தான்.
தோலை மெல்லிசாக எடுக்கக் கற்றுக்கொண்டுவிட்டான்.

முதல் செயலி என் அக்கா ரீத்வா சொன்னது.
அவள் புருஷன் வங்கியில் இருக்கிறார்,
அவர்கள் வீட்டில் எதற்கும் செயலி உண்டு.
எடுத்த எடுப்பில் வங்கிக் கடவுச்சொல் கேட்டது.
"எதுக்காம்?"
செலவெல்லாம் தானாக வந்து விழுமாம்.
"வரவு?"
நீக்கினேன்.

இரண்டாவதற்கு நவம்பர் மாதக் கணக்கை
நானே எடுத்துக் கொடுத்தேன்.
விழுங்கிவிட்டு ஒரு வட்டம் போட்டது.
வீட்டுக்கடன் நீலம், சாப்பாடு பச்சை,
வீட்டைச் சூடாக வைத்திருப்பது ஆரஞ்சு.
பெரிய துண்டு மட்டும் சாம்பல்:
இதர.

மூன்றில் ஒரு பங்கா இதர?
தொட்டேன், திறந்தது.
பனிக்காலச் சக்கரங்கள் நான்கு.
பின்யாவின் கண்ணாடி, அவளே அதன்மேல் உட்கார்ந்ததால்.
கடைவாய்ப்பல்.
பூக்கடையில் முப்பத்தொன்பது யூரோ,
யார் செத்தார்கள், யார் பிறந்தார்கள், நினைவில்லை.
அதற்கும் கீழே, எறும்புச் சாரி போல,
துறைமுக உணவகம் 3.40
துறைமுக உணவகம் 3.40
துறைமுக உணவகம் 3.40
காலை 6.48. காலை 6.51. காலை 6.48.

ஏழு மணிக்கு முதல் ஷிப்ட்.
அதாவது, அவனுக்கு ஷிப்ட் இருந்தபோது.
கிரேன் கூண்டில், நாற்பது மீட்டர் உயரத்தில்,
பதினெட்டு வருஷம்.
நான் வேலை முடிந்து வரும்போது
அவன் காலணி வாசலில் இருக்காது.
நடக்கப் போனேன் என்பான், மருத்துவர் சொன்னாராம்.
நல்ல மருத்துவர் என்று நானும் நினைத்திருந்தேன்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொல்வார்கள்.
ஆறு உறைந்து கிடக்கிறது.
போட்டது போட்டபடி மேலேயே தெரியும்,
வசந்தம் வரைக்கும்.

ஒன்றும் கேட்கவில்லை.
வட்டத்தை மூடினேன். நீக்கவில்லை, மூடினேன்.

மூன்றாவது, உறை போடும் வகை.
இருக்கிற காசைப் பிரித்து வைத்த பிறகுதான் செலவு.
முப்பத்துநான்கு நாள் இலவசம், அப்புறம் மாதம் ஒன்பது யூரோ,
ஆகவே செயலிக்கும் ஓர் உறை.
முதல் திரையில் கொட்டை எழுத்து.
யோசிக்காமல் சத்தமாக வாசித்துவிட்டேன்:
"உங்கள் ஒவ்வொரு யூரோவுக்கும் ஒரு வேலை கொடுங்கள்."

சீவும் சத்தம் நின்றது.
குழாய் சொட்டியது, ஒன்று, இரண்டு.
குழாய்க்கு உறை போடவில்லையே என்று
அந்த நேரத்திலா ஞாபகம் வர வேண்டும்.
"அதுகளுக்காவது கிடைக்கட்டும்" என்றான்.
சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன்,
முதுகுதான் தெரிந்தது.

வீட்டுக்கடன். சூடு. சாப்பாடு. பின்யா.
பல், இன்னொன்றும் ஆடுகிறது.
குழாய்.
பூ, முப்பத்தொன்பது, இருக்கட்டும்.
பிறகு ஒரு புது உறை.
இருபத்திரண்டு நாள், நாளுக்கு மூன்று நாற்பது,
எழுபத்துநான்கு யூரோ எண்பது சென்ட்.
பெயரில்லாத உறையை அது ஏற்பதில்லை.
காபி என்று அடித்து அழித்தேன்.
ஹெய்மோ என்று அடித்து அழித்தேன்.
போக்குவரத்து என்று போட்டேன்,
வீட்டிலிருந்து துறைமுகத்துக்கு
அவன் நடந்தேதான் போகிறான் என்றாலும்.

ஈரக் கையோடு பின்னால் வந்து நின்றவன்
திரையை வெகுநேரம் பார்த்தான்.
எப்படித் தெரியும் என்று கேட்பான் என்றிருந்தேன்.
"வெள்ளிக்கிழமை ஒரு பன்னும் உண்டு" என்றான்,
"இரண்டு யூரோ பத்து."

நான்கு வெள்ளி.
எல்லா உறையையும் ஒருமுறை அமுக்கிப் பார்த்தேன்.
பூவிலிருந்து எட்டு நாற்பது எடுத்து
இதில் போட்டேன்.
இந்த மாதம் யாரும் சாகாமல் இருக்க வேண்டும்.